இயந்திரத்துக்குள் புகுந்த பூச்சி

வானொலிப் பெட்டி கரகரவென்று இரைந்தால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவதும், உடனே அது ஒழுங்காகப் பாடத் தொடங்குவதும் ஒரு காலத்தில் பல வீடுகளில் நடந்த வைத்தியம். பெட்டிக்குள் எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கும். தட்டிய அதிர்ச்சியில் அது மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மறுபடியும் கரகரப்பு. இப்படி நேரம் பார்த்துக் காலை வாரும் குணத்தை "மக்கர் பண்ணுகிறது" என்று நாம் சொல்கிறோம். ஆங்கிலம் பேசும் பொறியியலார் இதற்கு வைத்த பெயர் "பக்", அதாவது பூச்சி. கோளாறைத் தேடிக் களைவதைப் "பூச்சி நீக்கல்" என்பது அவர்கள் வழக்கு.

இயந்திரங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே படிக்கிறோம். ஆனால் எந்த இயந்திரமும் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே ஒழுங்காக ஓடியதில்லை. அதை ஓடவைக்க இரவு பகலாகப் பூச்சி பிடித்தவர்களின் கதை தனிக் கதை. அதில் சிரிப்பும் உண்டு. உயிர் போன துயரமும் உண்டு.

தவறான எண்ணுக்குச் சரியான விடை

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலோட்டிகளும் வானியலாரும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளையே நம்பி வாழ்ந்தார்கள். அவற்றைக் கணக்கிட்டவர்களும் மனிதர்கள், அச்சுக் கோத்தவர்களும் மனிதர்கள். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் பிழைகள். 1821இல் சார்லஸ் பாபேஜ், தம் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அமர்ந்து இத்தகைய அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிழைகளைக் கண்டு சலித்துப்போன அவருக்கு, இந்தக் கணக்குகளை நீராவியே போட்டுவிடக் கூடாதா என்ற எண்ணம் எழுந்தது. கணிப்பொறியின் முன்னோடியான அவருடைய கணக்கிடும் எந்திரத் திட்டம் அந்தச் சலிப்பில் பிறந்ததே.

அந்தத் திட்டத்தைப் பாபேஜ் பலருக்கும் விளக்க வேண்டியிருந்தது. எந்திரத்துக்குள் தவறான எண்களைப் போட்டாலும் சரியான விடை வருமா என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு முறை தம்மைக் கேட்டதாக அவர் 1864இல் வெளியான தன்வரலாற்று நூலில் எழுதினார். எத்தகைய மனக்குழப்பம் இருந்தால் இப்படியொரு கேள்வி பிறக்கும் என்பது தமக்குப் பிடிபடவில்லை என்றும் சொன்னார். பொறியாளர் ஒருவர் பயனாளரின் கேள்வி கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்ட பழைய பதிவுகளுள் இது ஒன்று. ஆயினும் கேட்டவர்களை நாம் எளிதில் பழிக்க முடியாது. இயந்திரம் தவறே செய்யாது என்று விளம்பரம் செய்தால், "அப்படியானால் என் தவறையும் அது திருத்துமா?" என்று சாதாரண மனிதர் கேட்பது இயல்புதானே.

எடிசன் தேடிய பூச்சி

கணிப்பொறி வந்த பிறகுதான் "பூச்சி" என்ற சொல் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1870களிலேயே தந்திக் கருவிகளோடு போராடிய தாமஸ் ஆல்வா எடிசன் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1878 நவம்பரில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் தம் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறார். முதலில் ஓர் உள்ளுணர்வு மின்னலெனத் தோன்றும். பிறகு தொல்லைகள் ஆரம்பிக்கும். இது வேலை செய்யாது, அது வேலை செய்யாது. அப்போதுதான் "பூச்சிகள்" தலைகாட்டும். அவற்றை வெல்ல மாதக்கணக்கில் கண் விழித்து உழைக்க வேண்டும். இதுவே அக்கடிதத்தின் சாரம்.

1889இல் லண்டன் நாளேடு ஒன்று, எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியில் இருந்த "பூச்சி"யைத் தேடி இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று எழுதியது. கருவிக்குள் ஏதோ கற்பனைப் பூச்சி ஒளிந்துகொண்டு தொல்லை தருவதாக நினைத்துக்கொள்வதே இச்சொல்லின் பொருள் என்று வாசகர்களுக்கு விளக்கமும் தந்தது. கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போராடுவது சற்று எளிதாகிறது போலும்!

அணைக்கக் கூடாத இயந்திரம்

1945இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் "எனியாக்" என்ற மின்னணுக் கணிப்பொறி உருவாயிற்று. எடை சுமார் 30 டன். உள்ளே ஏறத்தாழ 18,000 வால்வுகள். பழைய வானொலிப் பெட்டிகளில் ஐந்தாறு வால்வுகளே இருக்கும். அவற்றில் ஒன்று தீய்ந்துபோனால் பழுது பார்ப்பவரைத் தேடி ஓடுவோம். 18,000 வால்வு என்றால் என்ன ஆகும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வால்வு சராசரியாக 3,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். தனியாகப் பார்த்தால் இது நல்ல ஆயுள்தான். ஆனால் 18,000 வால்வுகள் ஒன்றாக எரியும்போது, 3,000 மணி நேரத்தை 18,000ஆல் வகுக்க வேண்டும். விடை, மணியில் ஆறில் ஒரு பங்கு. அதாவது 10 நிமிடத்துக்கு ஒரு வால்வு போய்க்கொண்டே இருக்கும்! இத்தகைய இயந்திரம் ஒரு கணக்கைக்கூட முடிக்காது என்று அறிஞர் சிலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கெர்ட் இதற்கு வழி கண்டார். வால்வுகளுக்கு அவை தாங்கக்கூடிய அளவைவிடக் குறைந்த மின்னழுத்தமே கொடுத்தார். குறைவாக வேலை வாங்கப்பட்ட வால்வு நெடுநாள் உழைத்தது. மற்றொன்றும் தெரியவந்தது. வால்வுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது கெடுவதில்லை. இயந்திரத்தைப் போடும்போதும் அணைக்கும்போதும் சூடேறி, குளிர்ந்து, அந்த மாற்றத்தில்தான் கெடுகின்றன. ஆகவே எனியாக்கை இயன்றவரை அணைக்காமலே விட்டார்கள். பழுது ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு வால்வு என்ற அளவுக்குக் குறைந்தது.

கெட்ட வால்வைக் கண்டுபிடிப்பதும் பெருங்கலை. எனியாக்குக்கு வேலைத்திட்டம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்நைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அவர்களுக்குக் கையேடு ஏதும் தரப்படவில்லை. மின்சுற்று வரைபடங்களைப் படித்தே இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள். எந்த வால்வு கெட்டது என்று சொல்லும் அளவுக்கு அதன் நாடி அவர்களுக்குப் பிடிபட்டது.

1946 பிப்ரவரி 15 அன்று எனியாக்கை உலகுக்குக் காட்ட நாள் குறித்தாயிற்று. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். முதல் நாள் மாலைவரை ஒரு பூச்சி அகப்படவில்லை. தரையில் விழ வேண்டிய குண்டு, கணக்கில் தரையையும் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது! அன்றிரவு தூக்கத்தில் பெட்டி ஸ்நைடருக்கு விடை தோன்றியது. காலையில் வந்து ஒரே ஒரு விசையை மாற்றினார். குண்டு தரையில் நின்றது. விழா வெற்றியாக முடிந்தது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. பழுது நீக்குவோரின் வரலாற்றில் இந்தக் காட்சி பிறகும் பலமுறை திரும்பி வரும்.

நாட்குறிப்பில் ஒட்டிய விட்டில்

1947 செப்டம்பர் 9. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் "மார்க் 2" என்ற கணிப்பொறியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இதன் உறுப்புகள் வால்வுகள் அல்ல. "ரிலே" எனப்படும் மின்காந்தச் சாவிகள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு சிறு தகடு இழுபட்டு "டக்" என்று மற்றொன்றைத் தொடும், நின்றால் விலகும். இரு தகடுகளுக்கும் நடுவே ஒரு துரும்பு சிக்கினாலும் இணைப்பு இல்லை, கணக்குத் தவறும்.

அன்று சிக்கியது துரும்பு அன்று, ஒரு விட்டில்பூச்சி. எப் என்னும் பலகையில் 70ஆம் எண் ரிலேயில் அது செத்துக் கிடந்தது. இயக்கியவர்கள் அதை வெளியே எடுத்து, ஒட்டுநாடாவால் வேலை நாட்குறிப்பில் ஒட்டி, பிற்பகல் 3.45 என்று நேரமும் குறித்து, மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்று எழுதிவைத்தார்கள். "பூச்சி" என்ற சொல் இந்த விட்டிலிலிருந்து பிறந்தது என்று கதை சொல்வார்கள். எடிசனின் கடிதம் அதை மறுக்கிறது. குறிப்பில் உள்ள "மெய்யாகவே" என்ற சொல்லும் மறுக்கிறது. ஏற்கெனவே வழக்கில் இருந்த சொல் என்பதால்தான் அது நகைச்சுவை ஆயிற்று. அக்குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் பிற்காலத்தில் இக்கதையைச் சொல்லிச் சொல்லி உலகப் புகழ் ஆக்கிவிட்டார். அந்த நாட்குறிப்புப் பக்கம், விட்டிலோடு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

படிக்கட்டில் பிறந்த ஞானம்

விட்டிலைப் பிடுங்கிப் போடலாம், வால்வை மாற்றலாம். மனித மூளையில் பிறக்கும் பூச்சியை என்ன செய்வது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய "எட்சாக்" கணிப்பொறி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது. அடுத்த மாதமே வில்க்ஸ் ஒரு கடினமான சமன்பாட்டுக்குத் தீர்வு காணும் ஆணைத்தொடர் ஒன்றை எழுதினார். மொத்தம் 126 வரிகள். அதில் சுமார் 20 பிழைகள் இருந்தன என்பது அந்தத் துளைநாடாவைப் பின்னாளில் ஆராய்ந்தபோது தெரிந்தது. அதாவது ஆறு வரிக்கு ஒரு பிழை. உலகின் தலைசிறந்த கணிப்பொறி வல்லுநர்களுள் ஒருவர் எழுதியதன் நிலை இது!

நாடாவில் துளையிடும் கருவி ஓரிடம். எட்சாக் இருந்த அறை ஓரிடம். நடுவே படிக்கட்டு. ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பொழுதில் வில்க்ஸுக்கு உண்மை உறைத்தது: தம் வாழ்நாளில் இனி எஞ்சியிருப்பதில் ஒரு நல்ல பகுதி, தாம் எழுதியதில் தாமே பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது! வேடிக்கையாகத் தோன்றினாலும் இது பெரிய மாற்றம். கோளாறு என்பது எப்போதாவது நேரும் விபத்து அன்று. எழுதும் செயலின் கூடவே பிறப்பது என்று ஒருவர் ஒப்புக்கொண்ட நேரம் அது. அதன்பின் கேம்பிரிட்ஜ் குழு, பலமுறை சோதித்த சிறு ஆணைத்தொடர்களை நூலகம் போலச் சேர்த்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை வளர்த்தது.

அதே 1949இல் அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில், ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மனித உடல் எவ்வளவு அதிர்ச்சி தாங்கும் என்ற சோதனை நடந்தது. அளக்கும் உணர்கருவிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்ததால் அளவு ஏதும் பதிவாகவில்லை. அப்போது எட்வர்டு மர்ஃபி என்ற பொறியாளர் சலித்துப்போய்ச் சொன்னது, தவறாகச் செய்ய வழி இருந்தால் யாராவது தவறாகச் செய்தே தீர்வார் என்னும் "மர்ஃபி விதி" ஆயிற்று. கேலியாகச் சொல்லப்படும் இவ்விதிக்குள் நல்ல பாடம் இருக்கிறது. தவறாக மாட்ட முடியாதபடி கருவியை அமைக்க வேண்டும் என்பதே அது. நம் வீட்டு மூன்று முனைப் பிளக்கைப் பாருங்கள். புவி இணைப்பு முனை மட்டும் தடித்து நீண்டிருக்கும். ஆகவே அதை மாற்றிச் செருக இயலாது. மற்ற முனைகளுக்கு முன்னரே அது போய்ச் சேரும்.

சந்திரனுக்கு மேலே ஒலித்த மணி

1969 ஜூலை 20. அப்பல்லோ 11இன் இறங்குகலம் சந்திரனின் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அதன் பொருள் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்டிரினுக்கும் அப்போது நினைவில் இல்லை. பூமியில் ஹூஸ்டனில் இருந்தவர்கள் ஒரு சில விநாடிகளில் விடை சொல்ல வேண்டும்: இறங்குவதா, திரும்புவதா?

சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதைப் போன்ற எச்சரிக்கை வந்தபோது, வழிகாட்டுப் பொறியாளர் ஸ்டீவ் பேல்ஸ் பயணத்தைக் கைவிடச் சொன்னார். அது தேவையற்ற முடிவு என்று பின்னர் தெரிந்தது. உடனே எல்லா எச்சரிக்கை எண்களையும் அவற்றின் பொருளையும் பட்டியலிடச் சொன்னார்கள். 24 வயது ஜாக் கார்மன் தம் கையாலேயே எழுதி அந்தப் பட்டியலை அருகில் வைத்திருந்தார். மெய்யான 1202 வந்தபோது பட்டியலைப் பார்த்து, அடிக்கடி வராதவரை இறங்கலாம் என்றார். 26 வயது பேல்ஸ் அதை ஏற்றார். கலம் இறங்கியது.

நடந்தது என்ன? ஒரு ராடார் தேவையின்றித் துடிப்புகளை அனுப்பிக் கணிப்பொறியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் குவிந்தன. அப்படிக் குவிந்தால் என்ன செய்வது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் முன்பே எழுதிவைத்திருந்தனர். கணிப்பொறி தன்னைத்தானே நிறுத்தி மறுபடி தொடங்கும்; முக்கியமான வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும்; மற்றவற்றைக் கைவிடும். ஆக, "அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்ற எளிய வைத்தியமே சந்திரனுக்கு மேலே துணை நின்றது.

"நெடுநேரம்" என்றால் எவ்வளவு?

அதே வைத்தியம் செய்யப்படாததால் நேர்ந்த கதையும் உண்டு. 1991 வளைகுடாப் போரின்போது, வரும் ஏவுகணையை வானிலேயே தாக்கும் "பேட்ரியட்" அமைப்பு சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கணிப்பொறி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. இதில்தான் பூச்சி. மூன்றில் ஒன்றைப் பதின்ம எண்ணாக எழுதினால் 0.3333 என்று முடிவின்றி நீளும் அல்லவா? அதுபோல, பத்தில் ஒன்றை இயந்திரத்தின் இரும எண்ணில் எழுதினாலும் முடிவின்றி நீளும். எங்காவது வெட்டியே தீர வேண்டும். வெட்டியதால் ஒவ்வொரு முறையும் ஏற்பட்ட பிழை 0.000000095 விநாடி, கொசுவின் இமைப்பிலும் சிறியது. ஆனால் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடினால் 36 லட்சம் முறை எண்ணும். மொத்தப் பிழை விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. விநாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியட் தவறான இடத்தில் தேடும்.

இது தெரியாமலும் இல்லை. நெடுநேரம் ஓடினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11 அன்றே அளந்து தெரிவித்தார்கள். திருத்திய ஆணைத்தொடரும் எழுதப்பட்டது. பிப்ரவரி 21 அன்று படைகளுக்குச் செய்தி போயிற்று: மிக நெடுநேரம் ஓட்டினால் குறி விலகக்கூடும். ஆனால் "மிக நெடுநேரம்" என்றால் எத்தனை மணி என்று அச்செய்தி சொல்லவில்லை. யாரும் இத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள் என்று எழுதியவர்கள் எண்ணினார்கள். தஹ்ரானில் இருந்த அமைப்போ 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 25 அன்று ஒரு ஸ்கட் படைவீரர் விடுதியின்மீது விழுந்தது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். திருத்திய ஆணைத்தொடர் தஹ்ரானை அடைந்தது மறுநாள், பிப்ரவரி 26.

சில நிமிடம் அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும். குறிப்பில் ஓர் எண்ணை எழுதியிருந்தால் அணைத்துப் போட்டிருப்பார்கள்.

தொலைபேசியின் மறுமுனையில்

கணிப்பொறி மேசைக்கு மேசை வந்தபின் பூச்சி பிடிப்பது பெருந்தொழில் ஆயிற்று. முகம் தெரியாதவரின் இயந்திரத்தைத் தொலைபேசி வழியே குணப்படுத்தும் உதவியாளர்கள் தோன்றினர். மின்கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று நேராகக் கேட்டால், "என்னை முட்டாள் என்று நினைத்தீரா?" என்று எதிர்முனை கோபித்துக்கொள்ளும். ஆகவே அனுபவசாலிகள், "கம்பியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, மீண்டும் செருகுங்கள்" என்பார்கள். கழற்றப் போனவர் அது ஏற்கெனவே கழன்று கிடப்பதைக் காண்பார். யார் மானமும் போகாது. கோளாறு நாற்காலிக்கும் விசைப்பலகைக்கும் நடுவே இருக்கிறது என்பது அவர்களுக்குள் வழங்கும் கேலி. நடுவே இருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை!

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? ஓடும் கணிப்பொறியின் தற்காலிக நினைவில் நேரம் செல்லச் செல்லக் குப்பை சேரும். எங்கோ ஒரு வேலை முடியாமல் மற்றவற்றையும் மறித்து நிற்கும். அணைத்தால் அந்நினைவு துடைக்கப்பட்டு, அறிந்த நல்ல நிலையிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் நோய் தணியுமே தவிர, காரணம் அப்படியே உள்ளே இருக்கும். வானொலியின் தலையில் தட்டிய கதைதான்.

இத்தொழிலின் பெரிய வேதனை வேறு. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே ஒதுக்கியிருந்த பழைய ஆணைத்தொடர்கள், 2000 பிறந்ததும் 00ஐக் கண்டு 1900 என்று மயங்கும் என்ற அச்சம் 1990களில் உலகெங்கும் எழுந்தது. கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத் திருத்த வேண்டியிருந்தது. இந்தியப் பொறியாளர்களும் பெருமளவில் இதில் உழைத்தார்கள்; நம் மென்பொருள் நிறுவனங்கள் வளர இது ஒரு காரணமாயிற்று. 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிய விபரீதம் ஏதும் நடக்கவில்லை. உடனே பலர் கேட்டது: "ஒன்றும் ஆகவில்லையே, இதற்கா இவ்வளவு பணம்?"

ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுடைய வேலையாக இருந்தது. நன்றாகச் செய்த பழுது வேலை கண்ணுக்குத் தெரியாது. தவறவிட்ட ஒன்றே தலைப்புச் செய்தியாகும்.

எதிர்காலத்தில் இயந்திரங்களோடு பழகப்போகும் மாணவர்கள் இக்கதைகளிலிருந்து இரண்டைக் கொள்ளலாம். கண்ட கோளாற்றை நாளும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள். ஹார்வர்டில் ஒரு செத்த விட்டிலுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்தது. பிறருக்கு எச்சரிக்கை எழுதும்போது "நெடுநேரம்" என்று எழுதாதீர்கள். எத்தனை மணி என்று எழுதுங்கள்.